பறவைக் கணக்கெடுப்பு நம் கடமையே

ஈப்போவைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் பல, இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த மக்கள் எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம். பறவைகள் என்னவாயின? விடியற்காலையில் மரம் சீவச் சென்ற நம் பாட்டியைக் கேட்டால், குண்டுக்கரிச்சானின் பாட்டையும் செம்போத்தின் குரலையும் நினைவுகூர்வார். ஆனால், எத்தனை பறவைகள் இருந்தன என்பதற்கு விடை கிடைப்பது அரிது. அதை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே.

பறவைகளின் எண்ணிக்கையை ஏன் அறிய வேண்டும்? மலாய்மொழியில் ‘பாராவ்-பாராவ்’ எனப்படும் பறவை, ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவின் ஆற்றோரங்களில் பரவலாகக் காணப்பட்டது. அதன் இனிய குரலே அதற்குப் பகையானது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே அதன் எண்ணிக்கை குறைந்தது. 2018ஆம் ஆண்டில் அது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. ஓர் இனம் குறைந்துவருவதை உரிய காலத்தில் உணர, முன்பு எத்தனை இருந்தன என்ற கணக்கு வேண்டும்.

இக்கணக்கை எடுக்க இன்று தொழில்நுட்பம் துணைநிற்கிறது. 2002இல் தொடங்கப்பட்ட ‘இ-பேர்ட்’ தளத்தில், பார்த்த இடம், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எவரும் பதிவு செய்யலாம். ‘மெர்லின்’ செயலி, பறவையின் குரலைக் கேட்டுப் பெயரைக் கூறும்.

“மாணவர்கள் தரும் கணக்கை நம்ப முடியுமா?” எனச் சிலர் வினவலாம். வழக்கத்திற்கு மாறான பதிவுகளை, அனுபவமிக்க தன்னார்வலர்கள் சரிபார்க்கின்றனர். கேரள மாநிலத்தின் பறவை வரைபடத் தொகுப்பு, 2015 முதல் 2020 வரை பொதுமக்கள் திரட்டிய தரவுகளால்தான் உருவானது. எனினும், செயலியும் தவறலாம். எனவே, அது கூறிய பெயரை நம் கண்ணாலும் காதாலும் உறுதிசெய்த பின்னரே பதிய வேண்டும்.

பதிவுகள் பறவை பிடிப்போருக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் ஆபத்திலுள்ள இனங்களின் இருப்பிடத்தை அத்தளம் மறைத்துவிடுகிறது. நாமும் கூடு இருக்கும் இடத்தைப் புலனக் குழுக்களில் பகிரக்கூடாது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நாமும் அவ்வாறே செய்யலாம் என்பது என் கருத்து. சனவரியில் கோலா கூலாவின் சதுப்புநிலக் கரைகளில் வலசைப் பறவைகள் தங்கியிருக்கும். பத்து காஜா அருகே, பழைய ஈயக் குட்டைகள் நிறைந்த கிந்தா இயற்கைப் பூங்காவில் கொக்குகளையும் நாரைகளையும் காணலாம். அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள், பள்ளித் திடலிலேயே 15 நிமிடம் நின்று எண்ணலாம். “மைனாதானே!” என்று எதையும் விட்டுவிடக்கூடாது. பாராவ்-பாராவும் ஒரு காலத்தில் எளிதாகக் காணக்கூடிய பறவையாகத்தான் இருந்தது.