உழைத்த உடம்புக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி

கூழானாலும் குளித்துக் குடிக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில், இரும்பைக் காய்ச்சும் உலைக்கு முன்னால் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றுவிட்டு வருகிற தொழிலாளிக்குக் கூழ் எப்படியோ கிடைத்துவிடுகிறது; ஆற அமரக் குளிப்பதற்குத்தான் வழியில்லை. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். ஒரே குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துக் காத்திருப்பவனுக்குக் குளியலும் ஒரு வேலையாகவே முடிகிறது.

அங்கிருந்து ரயில் ஏறிச் சென்னைக்கு வந்தால் வேறு காட்சி. ‘ஸ்பா’ என்ற பெயரில் குளியல் ஒரு நாகரிகமாகியிருக்கிறது. மெல்லிய சங்கீதம், வாசனைத் தைலம், கையில் மூலிகைத் தேநீர்! ஜப்பானிய முறை என்று சொல்லிவிட்டால் மதிப்பு இன்னும் ஒரு படி கூடுகிறது. பணம் உள்ளவர்கள் இளைப்பாறுவதில் குற்றமில்லை. ஆனால், ஜப்பானில் அந்த வெந்நீர்த் தொட்டி யாருக்குப் பயன்பட்டது என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டாமா?

தெருவோரக் குளியல் கூடம்

இயற்கை வெந்நீர் ஊற்றில் குளிப்பதை ஜப்பானியர் ‘ஆன்சென்’ என்பார்கள். ‘சென்டோ’ என்பது வேறு. அது ஊருக்குள், தெருவில், கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பொதுக் குளியல் கூடம். வீட்டில் குளியலறை இல்லாத தச்சரும், ஆலைத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும் சாயங்காலம் துண்டும் சோப்புமாக அங்கே போவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. சிறிய மணையில் உட்கார்ந்து, அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சோப்பு நுரையோடு இறங்குவது மகா மரியாதைக் குறைவு. நாற்பது டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் கழுத்தளவு நீரில் அமர்ந்தால், கைகால் அசதி இறங்குகிறது. சட்டையைக் கழற்றிவிட்ட பிறகு முதலாளி யார், சிப்பந்தி யார்?

1948-இல் ஜப்பானியர் பொதுக் குளியல் கூடங்களுக்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டணத்துக்கு மாகாண நிர்வாகம் வரம்பு கட்டுகிறது. 2024-இல் டோக்கியோவில் அது பெரியவர்களுக்கு 550 யென். சுமார் 300 ரூபாய். அந்த ஊர் விலைவாசிக்கு இது சாமானியர் கொடுக்கக்கூடிய தொகை. 1960-களின் இறுதியில் ஏறக்குறைய 18,000 கூடங்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததும் அவை குறைந்து, இன்று 2,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. வீட்டில் வசதியில்லாத காலத்தில் தெருவில் வசதி இருந்தது என்பதுதான் இதன் பொருள். கும்மிடிப்பூண்டித் தொழிலாளி இன்று இருப்பது அந்தக் காலத்தில்தான்.

சட்டம் சொல்வது என்ன?

அதே 1948-இல் இந்தியாவிலும் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. தொழிலாளர் கைகால் கழுவிக்கொள்ளப் போதுமான வசதி வேண்டும் என்று அது விதித்தது. 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், குளிக்கும் இடத்தையே குறிப்பிடுகிறது. ஏட்டில் உள்ள இந்த வார்த்தைக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ப்பதுதான் பாக்கி.

“தண்ணீருக்கு எங்கே போவது?” என்று கேட்பார்கள். திருவள்ளூர் ஜில்லா, தலைநகருக்கே தண்ணீர் தருகிற ஜில்லா. 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் இங்கேதான் இருக்கிறது. 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டித் தாலுகாவிலேயே இருக்கிறது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் மண்ணில் உழைப்பவனுக்கு ஒரு தொட்டி நீர் இல்லையா? தவிர, முன்பே கழுவிக்கொண்டு இறங்குவதால் ஒரே தொட்டி நீர் பலருக்கு உதவும். அதை வடிகட்டிக் குளோரின் சேர்த்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதில் மட்டும் சோம்பல் கூடாது.

வெந்நீருக்கு விறகு தேட வேண்டியதில்லை. உருட்டாலை உலைகளின் புகைபோக்கி வழியே எவ்வளவோ சூடு வீணாகிறது. ஜப்பானிய நகரசபைகள் குப்பை எரிக்கும் உலையின் சூட்டைக்கொண்டே குளியலுக்கும் நீச்சல் குளத்துக்கும் நீர் காய்ச்சுகின்றன. இங்கே அந்தச் சூட்டில் ஒரு பகுதியைப் பிடித்தாலும் போதாதா?

கூச்சம் என்று ஓர் ஆட்சேபம் வரலாம். குற்றாலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தோளோடு தோள் உரச அருவியில் நிற்பவர்களுக்குக் கூச்சம் ஒரு பெரிய தடையா? ஜப்பானியர் ஆடையில்லாமல் இறங்கினால், நம்மவர் துண்டோடு இறங்கட்டும். பெண் தொழிலாளருக்குத் தனிக் கட்டடம் அவசியம். குடித்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பொன்னேரிப் பக்கம் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் மகிந்திராவோடு சேர்ந்து தொழிற்பூங்கா அமைத்திருக்கிறது. ஜப்பானிய மூலதனத்தை வரவேற்ற ஜில்லா, அந்நாட்டுத் தொழிலாளி அனுபவித்த சுகத்தையும் வரவேற்கலாம். சிப்காட் இடம் கொடுக்கட்டும். ஆலைச் சொந்தக்காரர்கள் சூட்டைக் கொடுக்கட்டும். சிறு கட்டணத்தைத் தொழிலாளி கொடுப்பான். முதலில் ஒரே ஒரு கூடம் எழும்பட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகும் சுகம் தமிழனுக்குப் புதிதல்ல. அந்தச் சுகம் வியர்வை சிந்துகிறவனுக்கும் எட்ட வேண்டும்.