பதினோர் ஆண்டுகள் காத்திருந்த பிழை



உங்கள் இல்லத்தின் அமானிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு காலத்தில் அவை மரப் பெட்டகத்தில் இருந்தன. சாவி பாட்டியாரின் இடுப்பில் இருந்தது. இன்றோ உம்ராவுக்கெனச் சேர்த்த பணத்தின் கணக்கும், குடும்பத்துப் பெண்மக்களின் புகைப்படங்களும், கடல் கடந்து உழைக்கும் மகனின் குரலும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. இந்தப் பெட்டகத்தின் பூட்டைச் செய்தவர் யார், அதில் பழுது உண்டா என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ். 1991இல், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. இத்தகைய அடித்தளத்தைக் 'கெர்னல்' என்கின்றனர்; கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். நாம் பயன்படுத்தும் செயலிகள் எவையும் நினைவகத்தையோ கோப்புகளையோ தம் விருப்பப்படி தொட இயலாது; கெர்னலிடம் அனுமதி பெற்றே தொட வேண்டும். ஆகவே பருப்பில் புழு விழுந்துவிட்டால் ஓடு எத்தனை கடினமாயிருந்தும் பயனில்லை.

அப்படியொரு புழு 2016 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. 'டர்ட்டி கவ்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அழுக்குப் பசு என்று பொருள்படும் இப்பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 'காப்பி ஆன் ரைட்' என்னும் ஏற்பாட்டின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் பசு என்றாகிறது, அவ்வளவே.

அந்த ஏற்பாடு இன்னதென ஒரு மதரஸா நூலகத்தை வைத்துச் சொல்கிறேன். அரிய கிதாப் ஒன்றின் மூலப்பிரதி அங்கே இருக்கிறது. ஓத வருவோர் அனைவருக்கும் நூலகர் அதையே காட்டுகிறார். படிப்பதால் அதற்கொன்றும் குறைவில்லை. எவரேனும் ஓரக்குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தால் மட்டும், மூலத்தை வாங்கிக்கொண்டு நகலொன்றைக் கொடுக்கிறார். இடமும் மிச்சம், மூலமும் பத்திரம். இனி சூழ்ச்சியைப் பாருங்கள். ஒருவன் பேனாவுடன் வருகிறான். நூலகர் நகலெடுத்துக் கொடுத்து, 'எழுதுபவனுக்குரிய கடமை முடிந்தது. இனி இவனைப் படிப்பவனாகவே கருதலாம்' என்று தம் மனத்தில் குறித்துக்கொள்கிறார். அந்த நொடியில் அவனுடைய கூட்டாளி, 'நகல் வேண்டாம்' என்று அதை எறிந்துவிடுகிறான். மேசை வெறுமையாயிருப்பதைக் கண்ட நூலகர், படிப்பவன்தானே என்று மூலப்பிரதியையே மீண்டும் நீட்டுகிறார். பேனாவோ இன்னும் அவன் கையிலேயே இருக்கிறது!

ஒருமுறை முயன்றால் இது கைகூடாது. ஆனால் கணினி இதே நாடகத்தைக் கணப்பொழுதில் ஆயிரக்கணக்கான முறை நடத்த வல்லது. ஒருமுறை பலித்தாலும் போதும். படிக்க மட்டுமே உரிமை பெற்ற ஒருவன் கணினியின் காவல் கோப்புகளைத் திருத்தி எழுதி, நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் பறித்துக்கொள்வான்.

இதைவிட வியப்பானது இன்னொன்று. டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டிலேயே இப்பிழையைக் கண்டு திருத்த முயன்றிருந்தார். அத்திருத்தம் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒருவகைப் பெருங்கணினியில் இடையூறு செய்ததால் திரும்பப் பெறப்பட்டது. நடைமுறையில் நிகழ வாய்ப்பற்றது என்ற எண்ணத்தில் பிழை அப்படியே உறங்கிற்று. கணினிகள் வளர வளர வாய்ப்பும் வளர்ந்தது. 2016இல் திருத்தம் வெளியிட்டபோது, பதினோர் ஆண்டுகளுக்கு முன் தாமே இதைச் சரிவரத் திருத்தவில்லை என்பதை அவர் அத்திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதி வைத்தார். அறிவுடையோரிடம் நான் எதிர்பார்க்கும் பண்பு இது. நம் மேடைகளில் அரிதாகவே காண்கிறேன்.

கண்டுபிடித்தவர் பில் ஓஸ்டர். தம் பொறுப்பிலிருந்த கணினிக்கு வரும் இணையப் போக்குவரத்து அனைத்தையும் பதிவு செய்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. திருடர்கள் இப்பிழையின் வழியே அக்கணினியைத் தாக்கியபோது, அவர்களுடைய கருவி அப்பதிவில் அகப்பட்டது. அதாவது நல்லோர் அறியுமுன் தீயோர் அறிந்திருந்தனர்.

பிறர் குறையைத் தேடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களின் மறதியையும் பொய்யையும் பெயர் சொல்லியே பதிவு செய்தார்கள். 'ஜர்ஹ், தஃதீல்' என்று அதற்கென ஒரு கலையே உண்டு. புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இத்தகைய எச்சரிக்கையையும் அவற்றுள் சேர்த்துள்ளார்கள். கெர்னல் ஆய்வாளர்களிடமும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் செய்தவருக்கு இரகசியமாய்ச் சொல்வர். அவகாசம் கொடுத்த பின்னரே பகிரங்கப்படுத்துவர். 2014இல் கூகுள் அமைத்த 'புராஜெக்ட் ஜீரோ' குழு பொதுவாக 90 நாள் தவணை அளிக்கிறது. தவணையின்றேல் அலட்சியக்காரர்கள் அசையமாட்டார்கள் என்பது என் துணிபு.

2016இன் திருத்தமும் முழுமையாயில்லை. பெரிய அளவு நினைவகப் பக்கங்களில் அதே சூழ்ச்சிக்கு அது இடம் வைத்திருந்தது 2017 இறுதியில் தெரியவந்தது, மீண்டும் திருத்தினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், டர்ட்டி கவ் பிழையைப் பயன்படுத்தி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைக் கைப்பற்றும் தீநிரல் ஒன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் காணப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். விளையாட்டுச் செயலி போன்ற வேடங்களில் அது நுழைந்தது. திருத்தம் வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். மருந்து இருந்தது, நோயாளியிடம் போய்ச் சேரவில்லை.

உங்கள் கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாய் வந்த தேதி இருக்கும். இன்றிரவு இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ளோர் அனைவருடையதையும் வாங்கிப் பாருங்கள். பிள்ளை புதியது வாங்கிக்கொண்டு பழையதைப் பெரியவர்களிடம் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை முதலில் பாருங்கள். புதுப்பிப்பு காத்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தேதி பல ஆண்டுகள் பழையதாகி, புதுப்பிப்பும் வருவது நின்றிருந்தால், வங்கிக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். கிராஅத் கேட்பதற்கு அந்தக் கைப்பேசி இன்னும் சில காலம் உதவும்.