மலைக்குப் போவோம், எல்லோரும் போவோம்

காலாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிப் பேனாவை மூடுமுன்பே மாணவியரிடையே எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருஷம் எக்ஸ்கர்ஷன் எங்கே? ஊட்டியா, கொடைக்கானலா?" நான் படித்த நாளிலும் இதே கேள்விதான். இன்று என் மகள் பள்ளியிலிருந்து வந்து கேட்பதும் இதே கேள்விதான். அதில் தவறு ஏதுமில்லை. வெயிலிலும் புழுக்கத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது குளிர்ந்த காற்று வேண்டாமா? ஆனால் எங்கே போவது என்று கேட்கிற நாம், எப்படிப் போவது, யார் யார் போவது என்று கேட்பதில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் இந்த ஆண்டு மலரின் வாயிலாக அருட்சகோதரிகள், ஆசிரியப் பெருமக்கள், பெற்றோர், அன்புத் தங்கையர் ஆகிய அனைவர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நமக்கும் ஒரு குளிர்ப் பருவம்

ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது, மஞ்சளும் சிவப்புமாய் இலை கொட்டி நிற்கும் மேல்நாட்டு மரங்கள்தாம் நம் கண்முன் வருகின்றன. நம் மலைகளில் அப்படி நடப்பதில்லை. பழனி மலையின் சோலைக் காடுகள் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பவை. எனினும் அந்தப் பருவம் நமக்கும் உண்டு. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்று வகுத்த நம் முன்னோர், அதனை முன்பனிக் காலத்தோடு சேர்த்துக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கினர். குளிரும் மலையும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது தொல்காப்பியம் அறிந்த செய்தி.

ஆடிக் கடைசி முதல் கார்த்திகை வரை மலையிலும் அடிவாரத்திலும் விழாக்களுக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் 15 அன்று விண்ணேற்பு விழா. அந்நாளில்தான் கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத்திலும் திருவிழா. செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. அக்டோபர் முழுவதும் ஜெபமாலை மாதம். அதையொட்டி அண்டை வீட்டாரின் ஆயுத பூசையும் தீபாவளியும் வருகின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பின்னர் கார்த்திகை தீபம். இவற்றோடு செப்டம்பர் 1 முதல், அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை, படைப்பின் காலம் என்று திருச்சபை கொண்டாடுகிறது. நம் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அந்த நாட்களையொட்டியே வருகிறது. இறைவனின் படைப்பைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இதைவிடப் பொருத்தமான காலம் வேறு ஏது?

வத்தலக்குண்டு தாண்டுமுன் வாடிய பூ

2006ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு. அது குறிஞ்சி பூத்த ஆண்டு. எங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றார்கள். விடியுமுன் புறப்பட்டு, நள்ளிரவில் திரும்பினோம். வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் நடைபாதை, தூண் பாறை, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று ஒரே பகலில் எல்லாவற்றையும் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதைவிட, இறங்கினோம், ஏறினோம் என்று சொல்வதே சரி. பாதிப் பிள்ளைகளுக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி. மீதிப் பேர் பாட்டு.

சாலையோரச் சரிவில் குறிஞ்சியைக் கண்டோம். நீலமும் ஊதாவும் கலந்த சின்னஞ்சிறு மணிகளாகப் புதர் முழுவதும் பூ. ஐந்தே நிமிடம்தான் நிறுத்தினார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் செய்தது என்ன? போட்டி போட்டுக்கொண்டு பறித்தோம். நானும் ஒரு கை நிறையப் பறித்தேன். எனக்கு ஒரு காரணமும் இருந்தது. என் பக்கத்து இருக்கைத் தோழி அன்று வரவில்லை. ஜுரம் என்று சொல்லியிருந்தாள். அவளுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன். பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டுமுன்பே அத்தனையும் துவண்டுவிட்டன.

மறுநாள் அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. "பரவாயில்லடி, தண்ணியில போட்டா எந்திரிச்சிரும்" என்று சொல்லி ஒரு டம்ளரில் வைத்தாள். அவை எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு அன்று ஜுரமும் இல்லை. சுற்றுலாக் கட்டணம் இருநூற்றைம்பது ரூபாய். அவள் தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. அந்த மாதம் அவருக்குச் சரியாக வேலை இல்லை. எங்களுள் ஒருவரும் அதைக் கேட்டு அறியவில்லை. "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டபோது கை தூக்காதவர்களை அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும்தான்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் இரண்டு உண்மைகள் எனக்குத் தெரிந்தன. ஒன்று, தோழியைப் பற்றியது. மற்றொன்று, பூவைப் பற்றியது. அந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும் செடி. அந்த விதைதான் அடுத்த தலைமுறை. எனவே நாம் கை நிறையப் பறிப்பது அன்றைய பூவை மட்டும் அன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் பிள்ளைகளின் பூவையும் சேர்த்துத்தான் பறிக்கிறோம்.

விருந்தாளியும் வாடிக்கையாளரும்

திருவிழாவுக்குப் போவதையும் சுற்றுலா போவதையும் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். திருவிழா என்றால் கொடியேற்றத்திலிருந்தே மனம் தயாராகிறது. ஒன்பது நாள் நவநாள். பத்தாம் நாள் தேர்பவனி. போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு மெழுகுவர்த்தியாவது கொண்டுபோகிறார். தென் மாவட்டங்களில் பல பங்குகளில் அசனம் உண்டு. அந்தப் பந்தியில் உட்காருகிறவரிடம் ஒருவரும் கட்டணம் கேட்பதில்லை. பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் உண்கிறார்கள். அங்கே நாம் விருந்தாளிகள். ஆகவே அடக்கமாக இருக்கிறோம்.

சுற்றுலாவிலோ நாம் வாடிக்கையாளர்கள். காசு கொடுத்தோம், ஆகவே எல்லாம் நமக்கே என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தின்றதன் உறையைக் கீழே போடுகிறோம். கைப்பேசியில் படம் எடுத்ததும் அந்த இடத்தின் வேலை முடிந்துவிடுகிறது. வழியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் தோண்டும் பெண்கள் குனிந்தபடி நிற்கிறார்கள். அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்பது ஜன்னல் வழியே பார்க்கும் நமக்குத் தோன்றுவதில்லை.

மலை இதைத் தாங்கவில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. வாகன நெரிசலைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றம், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உத்தரவிட்டது. விருந்தாளி அளவறிந்து வந்தால், வீட்டுக்காரர் வாசலில் கணக்கெடுக்க வேண்டிய நிலை வருமா?

பழனி மலை வெறும் காட்சிப் பொருள் அன்று. அதன் சோலைகளும் புல்வெளிகளும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடுகின்றன. தெற்கே வைகைக்கும், வடக்கே அமராவதிக்கும் அங்கிருந்து நீர் இறங்குகிறது. சமவெளியில் நாம் குடிக்கும் நீருக்கு அதுதான் தாய்வீடு. சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டு அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை முந்தைய தலைமுறையினர் மூடிவிட்டார்கள். குறிஞ்சிக்கு அந்தத் திறந்த புல்வெளிதான் வீடு. எஞ்சியிருப்பதையாவது நாம் மதிக்க வேண்டும்.

அன்னை காட்சி தந்தது யாருக்கு?

கொடைக்கானலில் 1866ஆம் ஆண்டு கட்டப்பட்ட சலேத் மாதா ஆலயத்தை நம்மில் பலர் வெளியில் நின்று படம் எடுத்திருக்கிறோம். அந்தப் பெயரின் கதையை எத்தனை பேர் அறிவோம்?

பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள சிற்றூர் லா சலேத். 1846 செப்டம்பர் 19 அன்று, இதே பருவத்தில், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரு பிள்ளைகளுக்கு அன்னை அழுத கண்களோடு காட்சி தந்தார். சிறுமி மெலானிக்கு வயது 14. சிறுவன் மாக்சிமினுக்கு 11. மெலானி சிறு வயதிலேயே பிறர் வீட்டில் கூலிக்கு மாடு மேய்க்க அனுப்பப்பட்டவள். பள்ளிக்கூடம் போகாதவள். உருளைக்கிழங்கு அழுகிப்போன, விளைச்சல் பொய்த்த அந்த ஏழை மலைமக்களின் பசியைப் பற்றியே அன்னை அவர்களிடம் பேசினார். 1851இல் கிரெனோபிள் ஆயர் அந்தக் காட்சியை ஏற்றுக்கொண்டார்.

இதை எண்ணும்போதெல்லாம் என் தோழி நினைவுக்கு வருகிறாள். கட்டணம் கட்டிய நாங்கள் அன்று அன்னையின் ஆலயத்தைப் பார்த்தோம். ஆனால் அன்னை மலையில் தேடி வந்தது, எந்தச் சுற்றுலாவுக்கும் கட்டணம் கட்ட முடியாத ஒரு பெண்ணைத்தான். அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நாம் அந்த ஆலயத்துக்குப் போவது எப்படிப் பொருந்தும்?

என்ன செய்யலாம்?

குறை கூறுவது எளிது. ஆகவே என் மனத்தில் பட்ட சில வழிகளையும் சொல்கிறேன்.

முதலாவது, போனால் வகுப்பு முழுவதும் போகட்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே வகுப்புக்கு ஓர் உண்டியல் வைக்கலாம். பழைய செய்தித்தாள் விற்ற பணம், பள்ளி விழாவில் போடும் பலகாரக் கடை லாபம், பெற்றோர் இயன்ற அளவு தரும் தொகை எல்லாம் அதில் சேரட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது ஒருவருக்கும் தெரிய வேண்டாம். பணம் குறைந்தால் தொலைவைக் குறைப்போம், ஆட்களைக் குறைக்க வேண்டாம். கொடைக்கானல் கட்டாதென்றால் சிறுமலை போதும். மலை சிறிதானாலும் மகிழ்ச்சி சிறிதாகாது.

இரண்டாவது, எட்டு இடங்களுக்குப் பதிலாக இரண்டு இடங்கள். செண்பகனூரில் 1895ஆம் ஆண்டு முதல் இருக்கும் சேசு சபையாரின் இல்லத்தில் இயற்கை அருங்காட்சியகம் உண்டு. பழனி மலையின் செடிகொடிகளைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து 1999இல் பெரும் நூலாகத் தந்த அருட்தந்தை கே. எம். மத்தேயுவும் சேசு சபையைச் சேர்ந்தவரே. ஒரு குருவானவர் ஒரு மலையின் புல்லுக்கும் பூவுக்கும் தம் ஆயுளைக் கொடுத்திருக்கிறார் என்றால், நாம் அரை நாள் கொடுக்கக் கூடாதா?

மூன்றாவது, மலைமக்களைச் சந்திப்போம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு மலைக்கிராமப் பள்ளிக்குப் போவோம். நாம் படித்து முடித்த கதைப் புத்தகங்களை எடுத்துச் செல்வோம். அவர்கள் பாட்டை அவர்களிடமே கேட்போம். மலைப்பூண்டும் மலைவாழையும் அங்கே அவர்களிடமே வாங்குவோம். திருநாள் நடக்கும் ஊரானால் அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார்ப்போம். அது அவர்களுக்கு வழிபாடு என்பதை மறந்து படம் எடுக்க முண்டியடிக்க வேண்டாம்.

நான்காவது, வீட்டுச் சோறு, எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம், ஆளுக்கொரு துணிப்பை. கொண்டுபோன குப்பை நம்மோடு திரும்பி வரட்டும். பூவைக் கண்ணால் பறிப்போம்.

சிலர் கேட்கலாம்

"பிள்ளைகள் ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரட்டுமே, அங்கேயும் பாடம் நடத்த வேண்டுமா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பாடவும் ஆடவும் ஓடவும் நான் தடை சொல்லவில்லை. பேருந்தில் பாட்டு இல்லாத சுற்றுலா ஒரு சுற்றுலாவா? ஆனால் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் பாடப் பழகிவிட்டால், அந்தப் பழக்கம் வளர்ந்த பின்னும் நம்மைவிட்டுப் போவதில்லை.

"சுற்றுலாப் பயணிகளால்தானே மலைமக்கள் பிழைக்கிறார்கள்?" என்றும் கேட்கலாம். உண்மை. அதனால்தான் போக வேண்டாம் என்று சொல்லாமல், அவர்கள் மகிழும்படி போவோம் என்கிறேன். மழையைப் பற்றிய பெற்றோரின் அச்சத்திலும் பொருள் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் மலைச்சாலையில் மரமும் மண்ணும் சரியும். எனவே செப்டம்பர் இறுதியிலேயே போய்வருவதும், வானிலை அறிவிப்பைக் கேட்டுத் தேவையானால் நாளைத் தள்ளிப்போடுவதும் நல்லது.

1982, 1994, 2006, 2018 என்று குறிஞ்சி தவறாமல் பூத்து வந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். இன்று சிறிய வகுப்புகளில் இருக்கும் தங்கையர் பலர் அன்று பெரிய வகுப்புகளில் இருப்பார்கள். அந்த ஆண்டு இப்பள்ளியிலிருந்து ஒரு பேருந்து புறப்படுமானால், அதில் ஓர் இருக்கையும் காசில்லாத காரணத்தால் காலியாக இருக்கக் கூடாது. திரும்பி வரும்போது ஒரு கையிலும் வாடிய பூ இருக்கக் கூடாது. இன்னும் காலம் இருக்கிறது. உண்டியலை இந்த ஆண்டே வைத்துவிடலாம்.

அதில் விழும் முதல் இருநூற்றைம்பது ரூபாய் என்னுடையதாக இருக்கட்டும்.

— ஒரு முன்னாள் மாணவி