நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள்

தேனி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



பள்ளிப் பிள்ளைகளின் கலை, விளையாட்டு பற்றிய கடிதத்தை முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளி என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம் மாவட்டத்தில் அவை எல்லாம் ஒரே துறையின் கீழ் இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் பள்ளிகள் உண்டு, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் உண்டு. பிள்ளைகள் ஏறி வரும் பேருந்து போக்குவரத்துக் கழகத்தினுடையது. அவர்கள் ஓடிப் பழகும் திடல் பல ஊர்களில் ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தம். இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் அதிகாரம் மாவட்டத்தில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குப் போட்டிகள் நிறைய வந்துவிட்டன. போட்டிக்குப் பழகுவதற்குத்தான் நேரமும் இல்லை, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, பழகி முடித்து வீடு திரும்ப வண்டியும் இல்லை.

போட்டிகளைக் குறை சொல்லவில்லை. 2022-23 கல்வியாண்டில் அரசு கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது மனதார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் அந்த ஏற்பாட்டில் பறைக்கும் இடம் உண்டு, வயலினுக்கும் இடம் உண்டு. மாநில அளவில் வென்றவர்களைக் கலையரசன், கலையரசி என்று அழைத்துப் பட்டம் சூட்டினார்கள். அதே காலத்தில் வானவில் மன்றம் வந்தது, சிறார் திரைப்படங்கள் வந்தன, வினாடி வினா வந்தது. 2024-இல் மகிழ் முற்றம் வந்து பள்ளிகளில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள் பிறந்தன. குறிஞ்சி, முல்லை, மருதம் மூன்றையும் வகுப்பறை ஜன்னல் வழியாகவே பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள். விளையாட்டிலும் குறுவட்டப் போட்டி, பாரதியார் தின விழா, குடியரசு தின விழா, முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டு முழுவதும் மைதானம் காத்திருக்கிறது. என் தலைமுறைக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் இவை நடக்கும் மாதங்களைக் கவனியுங்கள். குறுவட்டப் போட்டிகளும் கலைத் திருவிழாவின் பெரும்பகுதியும் ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் வருகின்றன. இடுக்கி மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடப்பதும் இதே மாதங்களில்தான். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக எல்லை தாண்டிப் போகின்றன. அம்மா மலைக்குப் போய்விட்டால், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள்தான் தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டுத் தலை வாரி, தானும் கிளம்பி, மாலையில் தண்ணீர் பிடித்து வைத்து, அம்மா இறங்கி வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளி நாலேகால் வாக்கில் விடுகிறது. ஊருக்குள் போகும் டவுன் பஸ் நாலரைக்கு. அதை விட்டால் அடுத்தது பல ஊர்களுக்கு இருட்டிய பிறகுதான். கும்மிக்கோ கபடிக்கோ ஒத்திகை என்று ஆசிரியர் நிற்கச் சொன்னால், அந்தப் பெண்ணால் நிற்க முடியாது. அவளுக்கு ஆர்வம் இல்லை என்று பதிவாகிவிடுகிறது.

வட்டார அளவிலான போட்டி ஒன்றில் நடுவர்களோடு உட்கார எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நாட்டுப்புறப் பாடல் தனிப்பாட்டு. நாற்று நடும்போது பாடுகிற பாட்டு ஒன்றை ஒரு பெண் பாடினாள். சுருதிப் பெட்டி இல்லை, பக்கவாத்தியம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்ற பாட்டு அல்ல அது, வயலில் ஆச்சியிடம் கேட்டு ஒட்டிக்கொண்டது. எங்கள் மூவரில் இருவர் அவளுக்கே முதல் மதிப்பெண் போட்டோம். முடிவு அறிவித்தபோது அவள் அரங்கில் இல்லை. மலையடிவாரத்து ஊர், கடைசி வண்டி போய்விடும் என்று உடன் வந்த ஆசிரியை முன்பே அழைத்துப் போய்விட்டார். சான்றிதழ் பிறகு போய்ச் சேர்ந்திருக்கும். கைதட்டல் போய்ச் சேரவில்லை. மாவட்டப் போட்டிக்கு அவள் வந்தாளா என்று விசாரித்தேன். வரவில்லை.

வராததற்கு எளிய காரணங்கள் போதும். இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும்தான் செல்லும். போட்டி நடக்கும் ஊருக்கு அது உதவாது. மதுரையிலிருந்து தேனிக்கு 2022-இலும், போடிக்கு 2023-இலும் அகல ரயில் பாதை வந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்றும் ரயில் இல்லை. கூடலூரிலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் தேனிக்குக் காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும் என்றால் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேகமலைப் பக்கம் இன்னும் கடினம். சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு வட்டாரப் போட்டிக்கு இறங்கி ஏறுவதே ஒரு நாள் வேலை. பளியர் குடியிருப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேன் எடுக்கும்போதும் கிழங்கு தோண்டும்போதும் அவர்கள் பாடும் பாட்டை நம் மேடைகள் இன்னும் கேட்டதே இல்லை.

சாதனை எப்படி உருவாகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நாடறிந்த சான்று இருக்கிறது. பெரியகுளம் அருகே சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் 2020-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 720-க்கு 664 எடுத்தார். ஆடு மேய்க்கும் குடும்பம். நாடெங்கும் அரசுப் பள்ளி மாணவர்களில் முதலிடம் என்று நாளிதழ்கள் எழுதின. அதே ஆண்டில்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் வந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது 664 என்ற எண். அதற்கு முந்தைய ஆண்டு அவர் எடுத்தது 193. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். இவனால் முடியும் என்று நம்பிய ஆசிரியர்கள் இருந்தார்கள். பயிற்சிக்கான பணத்தை மற்றவர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். ஓராண்டு முழுவதும் வேறு வேலை எதுவும் இல்லாமல் படிக்க நேரம் கிடைத்தது. ஆளும் பணமும் நேரமும் கிடைத்த இடத்தில் 193 என்பது 664 ஆனது. சிலம்பத்துக்கும் ஓவியத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் இதே மூன்றும்தான் வேண்டும். வேறு மந்திரம் இல்லை.

விளையாட்டில் பெரியகுளத்தைப் பாருங்கள். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. மே மாதம் வந்துவிட்டால் அந்த ஊரில் கல்யாண வீட்டுப் பேச்சிலும் கூடைப்பந்து வரும். இந்திய அளவில் பெயர் பெற்ற அணிகள் ஆடுவதைத் தெருப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அங்கே ஒரு சிறுவன் பந்தைத் தட்டக் கற்றுக்கொள்வது போட்டி அறிவிப்பு வந்த பிறகு அல்ல. களம் இருக்கிறது, மாலையில் விளக்கு எரிகிறது, மூத்தவர்கள் ஆடுகிறார்கள், இவன் ஓரத்தில் நின்று பழகுகிறான். ஒரு தனியார் கழகத்தால் ஓர் ஊருக்கு இதைத் தர முடிந்தது என்றால், எட்டு வட்டாரங்கள் உள்ள ஒரு மாவட்டத்துக்கு அரசு தர முடியாதா?

ஆசிரியர்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக 2012-இல் தமிழ்நாடு முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை சிறிது சிறிதாகக் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கும் வீட்டுக்கும் அலைந்தே பல ஆண்டுகள் போய்விட்டன. பலர் விலகியும் விட்டார்கள். கலைத் திருவிழாவில் ஒரு பள்ளி பரிசு வாங்கினால், பெரும்பாலும் இவர்களில் ஒருவரோ, தன் கைக்காசில் கரகத்தையும் சலங்கையையும் வாடகைக்கு எடுத்துவந்த தமிழாசிரியை ஒருவரோதான் அதற்குப் பின்னால் இருக்கிறார். நிரந்தரம் செய்வது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாடகைப் பணம் கைக்காசாகப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

பி.டி. பீரியட் விஷயமும் அப்படித்தான். அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஆனாலும் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விளையாட்டு நின்றுவிடும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காட்டுக்காக மாவட்டக் கூட்டங்களில் தலைமையாசிரியர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இருக்கும்வரை இது மாறாது. அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சியைக் கேட்கும் அதே அக்கறையோடு, உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இந்த மாதம் மைதானத்தில் இறங்கினார்கள், எத்தனை பேர் மேடை ஏறினார்கள் என்றும் நீங்கள் கேட்டால், பீரியட் தானாகத் திரும்பி வரும். வென்றவர்களின் பெயர் வேண்டாம். கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை போதும். வென்ற ஒரே பிள்ளையை எல்லாப் போட்டிக்கும் அனுப்பிப் பெயர் வாங்கும் பழக்கமும் அதோடு குறையும்.

மற்றவை பெரிய செலவு பிடிக்காதவை. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஐந்தரை வரை பள்ளியில் பயிற்சி நேரம் என்று அறிவித்து, அந்த இரு நாள்களில் மட்டும் கம்பம், தேவாரம், போடி, பெரியகுளம் கிளைகளிலிருந்து கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்களில் சிலவற்றை ஆறு மணி வாக்கில் புறப்படச் செய்யலாம். புது வண்டி தேவையில்லை, நேர அட்டவணை மாறினால் போதும். அந்த நாள்களில் தம்பி தங்கைகளையும் பள்ளிக்கே அழைத்துவந்து உட்காரவைத்துக்கொள்ள மூத்த பிள்ளைகளுக்கு அனுமதி வேண்டும். விதி இடம் கொடுக்காது என்று யாராவது சொல்லக்கூடும். ஏலத்தோட்டக் குடும்பங்களில் இது இல்லாமல் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டிகள் ஓர் ஆண்டு தேனியில் நடந்தால் அடுத்த ஆண்டு உத்தமபாளையத்திலோ ஆண்டிபட்டியிலோ நடக்கட்டும். மலைப் பள்ளிகளுக்கு வண்டி அனுப்புங்கள், அல்லது முதல் சுற்றுக்கு நடுவர்களை மலைக்கு அனுப்புங்கள். முடிவை மூன்று மணிக்குள் அறிவிக்கச் சொல்லுங்கள்.

கற்றுக்கொடுக்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். ஒயிலாட்டம் சொல்லித்தரும் வாத்தியார்களும், தவில், நாதஸ்வரக் கலைஞர்களும், பறை அடிப்பவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கம்பளத்தார் தேவராட்டம் ஆடும் ஊர்களும் உண்டு. திருவிழாக் காலம் போக மீதி மாதங்களில் அவர்களில் பலருக்கு வேலை இல்லை. வட்டாரத்துக்கு நாலைந்து பேரைத் தேர்ந்து, மதிப்பூதியம் கொடுத்து, முறையான அடையாள அட்டையோடு பள்ளிக்குள் அனுப்புங்கள். பண்ணைப்புரம் இளையராஜாவைத் தந்தது, அல்லிநகரம் பாரதிராஜாவைத் தந்தது என்று எல்லா விழா மேடைகளிலும் பெருமை பேசுகிறோம். அவர்கள் இருவரும் வாய்ப்புத் தேடி இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போன பிறகுதான் நமக்குப் பெருமை ஆனார்கள். இங்கேயே இருந்து பழக இன்றைய பிள்ளைகளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் அந்த மேடைகளில் பேச வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் ஒரே ஒரு கூட்டம் கூட்டுங்கள். கல்வி அலுவலர்கள், கள்ளர் சீரமைப்புத் துறையினர், ஆதிதிராவிடர் நலத் துறையினர், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்கள், வட்டாரத்துக்கு இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் சிலர், மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் சிலர் அதில் இருக்க வேண்டும். தாய்மார்களை ஞாயிற்றுக்கிழமை அழையுங்கள். மற்ற நாள்களில் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஒரு வாசகன்