கொரியன் வகுப்பில் நம் ஊர் ‘ங்க’

கொரியத் தொடர்களைப் பார்த்தே கொரியன் பேசப் பழகிய பிள்ளைகள் மதுரையை அடுத்த சமயநல்லூர் பக்கமும் இருக்கிறார்கள். 1996இல் ஹூண்டாய் சென்னைக்கு அருகே வந்தபோது அது பிழைப்புக்கான மொழி. இன்று ஆசைப்பட்டுப் படிக்கும் மொழியும்கூட. சென்னையில் 2006 முதல் இந்திய-கொரியப் பண்பாட்டு அமைப்பான இன்கோ மையம் இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் யூடியூப்தான் வாத்தியார், அதுவும் ஆங்கிலம் வழியாக.

ஆங்கிலம் வழியாகப் போவது வீண் சுற்று. கொரியனில் வினை கடைசியில் வருவதும் விகுதி மேல் விகுதி ஏறுவதும் தமிழருக்குப் புதிதா என்ன? இதைச் சொன்னதும் ‘கொரியனுக்கும் தமிழே தாய்’ என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கப் பாதிரியார் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியது உண்மை. இன்றைய மொழியியலர் அந்த உறவை ஏற்பதில்லை. ‘அப்பா’ இரண்டிலும் இருக்கிறதே என்ற பூரிப்பில் வகுப்பு முடிந்தால் கொரியரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

கவனிக்க வேண்டியது மரியாதையை. எதிரில் இருப்பவர் யார் என்று முடிவு செய்யாமல் கொரியனில் வினையை முடிக்க முடியாது. அதனால்தான் அறிமுகமானதும் வயதைக் கேட்டுவிடுகிறார்கள். மூத்தவரிடம் ‘யோ’ என்றோ அதைவிடப் பணிவாகவோ முடிக்க வேண்டும். இளையவரிடமும் நெருங்கியவரிடமும் மரியாதை விகுதி இல்லாத ‘பான்மல்’ பேச்சு போதும். நம் ‘ங்க’ போலத்தான் என்று ஆசிரியர் தாண்டிப் போகலாம். போகக் கூடாது. வைகைப் பாசன வயல்களில் நரைத்த கூலியாளைப் பண்ணை வீட்டுச் சிறுவன் ‘வா, போ’ என்ற காலம் முற்றாகப் போய்விடவில்லை. அங்கே வயதைச் சாதி முந்தியது. வயதை அளவுகோலாக்கும் இலக்கணத்தைப் படிக்கிற பிள்ளை, தன் தெருவில் யாருக்கு ‘ங்க’ கிடைக்கிறது என்றும் பார்க்கட்டும்.

கொரியாவிலும் வயது எப்போதும் வெல்வதில்லை. 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையர் உட்படப் பலர் மொழித்தேர்வு எழுதித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். தங்களுக்கு எத்தனை வயதானாலும் மேலாளர்கள் பான்மலில்தான் விரட்டுகிறார்கள் என்பது அயல்நாட்டுத் தொழிலாளரின் பழைய புகார். தொடர்களில் வரும் சியோல் காதலர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். பேச்சை வைத்து ஆளை எடைபோடுவதற்கு இன்னோர் உதாரணமாக, தெற்கே உள்ள பூசான் நகரின் வட்டாரப் பேச்சைக் கேட்டுச் சியோல்காரர் சிரிப்பதையும் வகுப்பில் சொல்லலாம். மதுரைத் தமிழால் சென்னையில் கேலிக்கு ஆளானவருக்கு அது சட்டென்று புரியும்.

தமிழ்வழிக் கொரியன் பாடநூல் எழுதுவோர் ‘நான் இந்தியர்’ என்ற முதல் பாடத்தோடு, மேற்பார்வையாளரும் தொழிலாளியும் பேசும் ஒரு பாடத்தையும் வைக்கலாம். தன்னிடம் பான்மலில் பேசுகிற இளைய மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அதில் பயிற்சி.