வாசல் வரை வண்டி வரட்டும்

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் தொழில் வளாகத்தில் 2014 பிப்ரவரி 13 இரவு வேலை முடிந்து கிளம்பிய இளம் பெண் மென்பொருள் பொறியாளர் வீடு போய்ச் சேரவில்லை. ஒன்பது நாள் கழித்து, அந்த வளாகத்தின் புதரிலேயே அவர் உடல் கிடைத்தது. தெருவிளக்கு, ரோந்து, புதர் எல்லாம் அதன் பிறகுதான் பெரும் பேச்சாயின. உயிர் போன பிறகு விளக்குப் போடுவதைக் குற்றத்தடுப்பு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆலைகளில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த சட்டத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் நீக்கியபோதே, போக்குவரத்தும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று நிபந்தனை விதித்தது. அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் எட்ட வேண்டாமா? பெரிய நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்கு கேப் வருகிறது. அதே மாடியைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியோ, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி ஜிஎஸ்டி சாலையில் ஷேர் ஆட்டோவுக்குக் கை நீட்டுகிறார். காவல் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். அந்தச் சாலை செல்லும் தாம்பரத்துக்கு 2021-ல் மாநகராட்சி வந்தது. 2022 முதல் தனிக் காவல் ஆணையரகமும் இயங்குகிறது. இவற்றின் அதிகாரிகள், தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், சிறுசேரி சிப்காட் ஆகியவற்றின் நிர்வாகத்தினரையும் கூட்டிக்கொண்டு, இரவு ஷிப்ட் முடியும் வேளையில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து பார்க்கட்டும். எரியாத விளக்கும் முள் மண்டிய காலி மனையும் தாமே கண்ணில் படும். ஒப்பந்த ஆளானாலும் இரவில் வீட்டு வாசல் வரை வண்டி என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கட்டாயமாக்க வேண்டும். பெண்களின் உழைப்பில் வளரும் தொழில், அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் செலவையும் ஏற்கத்தான் வேண்டும்.