கார் மொழியன்று, ஏடு

இது சற்று நீண்ட பதிவு. பழைய வண்டி வைத்திருப்போரும், அவர்களோடு ஓயாமல் வாதிடுவோரும் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் மார்க் II நிற்கிறது. 1971ஆம் ஆண்டுப் பதிவு. தாத்தா அதை நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினார். எண்பதுகளில் பெட்ரோல் செலவு தாங்காமல் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார். அதைப் பதிவுச் சான்றிலும் முறையாகக் குறிக்கச் செய்தார். டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஆயில் மாற்றிய தேதிகளையும் அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய கையெழுத்தாக எங்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அதுதான்.

தாத்தா மறைந்த பிறகு நின்றுபோன வண்டியை இனி எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்திருக்கிறார். அவர் முன் இரண்டு திட்டங்கள் உள்ளன. பழைய கார்ப் பிரியர்களான அவருடைய நண்பர்கள், டீசல் எஞ்சினைக் கழற்றி எறிந்து, எங்கிருந்தாவது ஒரு பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பொருத்தி, டாக்சியின் கறுப்பு மஞ்சள் வண்ணத்தைத் தகடு தெரியச் சுரண்டி, ஷோரூமிலிருந்து வந்ததுபோல ஆக்கச் சொல்கிறார்கள். அத்தானின் திட்டம் வேறு: நவீன ஜப்பானிய எஞ்சின், பவர் ஸ்டீயரிங், ஏசி, அகலச் சக்கரங்கள், டாஷ்போர்டை வெட்டிப் பதிக்கும் தொடுதிரை.

இரண்டையும் நான் எதிர்த்தேன். அப்போது அத்தான் கேட்ட கேள்விதான் இப்பதிவுக்குக் காரணம். “நீ மொழியியல் படிச்ச ஆளுதானே மக்கா? மொழியே மாறும்னு சொல்லுவ. வண்டி மட்டும் மாறக்கூடாதா?”

கேள்வி கூர்மையானது, ஆனால் ஒப்புமை பிழையானது. மொழி மாறுகிறது என்பதில் ஐயமில்லை. சங்க காலத் தமிழை இன்று எவரும் வீட்டில் பேசுவதில்லை. அதற்காக எந்த மொழியியலாளரும் கண்ணீர் வடிப்பதுமில்லை. ஏனெனில் மொழி மாறும்போது அதன் பழைய நிலை அழிவதில்லை. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் அது தனியே இருக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழ், பழைய கல்வெட்டு ஒன்றைச் செதுக்கி அழித்து அதன்மேல் எழுதப்பட்டதன்று. காரின் நிலை வேறு. ஒரு காரை மாற்ற வேண்டுமானால் அந்தக் காரைத்தான் வெட்டியாக வேண்டும். வெட்டிய தகடு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

ஒப்புமை வேண்டுமானால் சரியாகச் சொல்வோம். அம்பாசடர் என்னும் வகை ஒரு மொழி. அது மாறத்தான் செய்தது. 1950களின் இறுதியில், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவமாக அது வந்தது. பின்பு மார்க் II, மார்க் III, மார்க் IV, நோவா என்று பெயர்களும் முகப்புகளும் மாறின. டீசல் அம்பாசடரைத் தொழிற்சாலையே விற்கத் தொடங்கியது. 1990களில் இசுசூ எஞ்சின் வந்தது. ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. இம்மாற்றங்களை எவரும் குறைகூறவில்லை. ஆனால் கொட்டகையில் நிற்கும் வண்டி ‘அம்பாசடர்’ என்னும் மொழியன்று. அம்மொழியில் எழுதப்பட்ட ஓர் ஏடு. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றது. இனிப் புதிய ஏடு எழுதப்படப் போவதில்லை. உள்ளவை குறையத்தான் முடியும். அத்தகைய நிலையில் ஓர் ஏட்டைக் கத்தரித்துப் புதிய நாவலுக்கு அட்டை செய்வதை ‘மொழி வளர்ச்சி’ என்று அழைக்க முடியுமா?

அத்தானுக்கு எதிராக இவ்வளவும் சொன்னதும் சித்தப்பாவின் நண்பர்கள் மகிழ்ந்தார்கள். அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். என் பெரிய வழக்கு அவர்களோடுதான்.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. அங்கு ஓலைகளைப் புரட்டிய எவருக்கும் ஒன்று தெரியும்: பூச்சி அரித்த ஏட்டைவிட ஆபத்தானது, தாமே புத்திசாலி என்று எண்ணிக்கொண்டவர் பெயர்த்தெழுதிய ஏடு. பூச்சி அரித்த இடத்தில் ஓட்டை இருக்கும். ‘இங்கே ஏதோ இருந்தது’ என்று அது நேர்மையாகச் சொல்லும். புத்திசாலியோ அந்த ஓட்டையைத் தம் கற்பனையால் நிரப்பிவிடுவார். பிறகு எது பழையது, எது அவருடையது என்று எவராலும் பிரிக்க இயலாது. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை நாம் இன்றும் நம்புவதற்குக் காரணம், கிடைத்த பாடபேதங்களை அவர் மறைக்காமல் காட்டியதும், சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே விட்டதும்தான்.

எங்கள் வண்டிக்கு எங்கிருந்தோ பெட்ரோல் எஞ்சின் கொண்டுவருவது ஓட்டையைக் கற்பனையால் நிரப்பும் வேலையே. அந்த எஞ்சின் வேறொரு வண்டிக்காகச் செய்யப்பட்டது. 1971இல் இந்த வண்டிக்குள் இருந்த எஞ்சின் என்றோ உருக்கப்பட்டிருக்கும். டாக்சி வண்ணத்தைச் சுரண்டினால் கிடைப்பது 1971ஆம் ஆண்டு அன்று. இந்த ஆண்டில் அடித்த பெயின்ட். தென்திருவிதாங்கூரின் சாலைகளில் பல்லாண்டுகள் உழைத்த வாடகைக் கார் ஒன்றின் வரலாறு மறைந்து, ஒருபோதும் இருந்திராத ஒரு பளபளப்பு பிறக்கும். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவரில் மணல் வீச்சு நடத்திக் கல்வெட்டுகளை மழுங்கடித்தபோது கொதித்தெழுந்த நாம், இதற்கு ஏன் கைதட்டுகிறோம்?

‘அசல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘மூலம்’ என்னும் பொருளில் அது அரபியிலிருந்து வந்தது, நகலுக்கு எதிர்ச்சொல். தமிழில் மற்றோர் அசலும் உண்டு. அசலூர், அசலார் என்கிறோமே, அந்த அசல்; அதன் பொருள் அயல். வண்டியை ‘அசலாக்குகிறோம்’ என்போர் எந்த அசலாக்குகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. தாத்தாவின் வண்டி எங்களுக்கே அயலாகிவிடும்.

இந்தத் தவற்றுக்குச் சட்டமும் துணைபோகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகளுடன் தனிப் பதிவெண், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. நல்ல தொடக்கந்தான். ஆனால் வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது. அரசின் ஏட்டிலேயே பதிவான, உழைப்பின் பொருட்டுச் செய்த எஞ்சின் மாற்றத்துக்கு இந்த வரையறைக்குள் இடமில்லை. எனவே சித்தப்பாவின் நண்பர்கள் சொல்வது இதுதான்: உண்மையான வரலாற்றை அழித்துவிடு, போலியான தூய்மையை உண்டாக்கு, தகுதி கிடைக்கும். விதி அதைக் கருதி எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் விளைவு அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அப்படியானால் யார் எதை மாற்றினாலும் வரலாறு என்று சொல்லிவிடலாமே; அத்தான் மாற்றப்போவதும் நாளைய வரலாறுதானே?’ நியாயமான மறுப்பு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று தீர்ப்பளித்ததை எடுத்துக்காட்டி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. தாத்தா எஞ்சினை மாற்றியபோது அந்த வண்டி அவருக்குப் பிழைப்பு; அவர் ஏட்டின் ஓரத்தில் உரை எழுதினார். இன்று அத்தானுக்கு வேறு கார் இருக்கிறது. வண்டி இன்று நமக்குச் சான்று. சான்றான பிறகு அதில் கைவைப்பது உரையன்று, இடைச்செருகல்.

உலகப் பழங்கார்க் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறே. பிற்காலத் தேவைக்காக எதையேனும் மாற்ற நேர்ந்தால், அதை மீண்டும் பழையபடி ஆக்க இயல வேண்டும். கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். 1990இல் இலண்டனில் நடந்த ஒரு வழக்கையும் நினைவுகூரலாம். 1929, 1930 ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி காரில் மூலப் பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. அது உண்மையான வண்டிதானா என்பதே வழக்கு. ‘மூல நிலையில் உள்ளது’ என்று சொல்ல இயலாவிட்டாலும், அறுபடாத வரலாற்றால் அது மெய்யான அதே வண்டிதான் என்று நீதிபதி முடிவு செய்தார். பாகங்களின் பிறப்புச் சான்றைவிட வண்டியின் தொடர்ச்சி முதன்மையானது.

‘பேணினால் ஓட்ட முடியாது, அருங்காட்சியகப் பொருளாகிவிடும்’ என்போருக்குத் திருவனந்தபுரத்திலேயே விடை இருக்கிறது. 2013இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரை வாழ்நாளெல்லாம் விடாமல் பயன்படுத்தினார். அதற்கு ஈடாக இரண்டு புதிய கார்களைத் தருவதாக நிறுவனம் முன்வந்தும் அவர் பிரிய மறுத்துவிட்டார் என்று நாளேடுகள் எழுதின. அரண்மனை வசதி எல்லோருக்கும் வாய்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்ந்ததை மட்டும் மாற்றி, தேயாததைத் தொடாமல் விடுவதற்கு அரண்மனை தேவையில்லை. சொல்லப்போனால் மூன்று வழிகளிலும் இதுதான் செலவு குறைந்தது.

பாதுகாப்பைப் பற்றி விட்டுக்கொடுக்கிறேன். சீட் பெல்ட் வேண்டும். நல்ல டயர் வேண்டும். பிரேக்கில் எந்தச் சமரசமும் வேண்டாம். உயிரைவிட ஏடு பெரிதன்று. ஆனால் தொடுதிரை எந்த உயிரையும் காப்பதில்லை.

சித்தப்பாவிடம் நான் வைத்த கோரிக்கை எளியது. டீசல் எஞ்சினையே பழுது பார்ப்போம். துருவை நிறுத்துவோம், வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம். மாற்றும் ஒவ்வொரு பாகத்தையும் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதுவோம். கழற்றியதைப் பெட்டியில் வைப்போம். ‘விஏ’ எண் கிடைக்காவிட்டால் போகட்டும். பழைய பதிவையே புதுப்பிக்க முயல்வோம். டாஷ்போர்டுப் பெட்டி மூடியை எவரும் துணியால்கூடத் துடைக்க வேண்டாம்.

“பாப்போம் மக்களே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. அடுத்த வாரம் மெக்கானிக் வருகிறார். அதற்குள் நானும் ஊருக்குப் போய்விடுவேன். மாற்றுக்கருத்து உடையோர் தாராளமாக எழுதுங்கள், விடையளிக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றால், எவர் கையிலும் ஸ்பானரைக் கொடுக்கும் முன் அதன் மூடிகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.